மாடிக் கல்லூரிகளும் மின்தூக்கி நெருக்கடியும்

காவிரிப் படுகையில் உயர்கல்விக்கென்று எழுந்த பழைய ஸ்தாபனங்கள் பெரும்பாலும் தரையோடு பரந்து அமைந்தவை. 1854 ஆம் ஆண்டில் பள்ளியாகத் தொடங்கிக் காவிரிக் கரையில் கல்லூரியாக வளர்ந்த கும்பகோணம் அரசுக் கலைக்கல்லூரியை எடுத்துக்கொண்டாலும், 1929 இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரால் சிதம்பரத்தில் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டாலும், ஒரு வகுப்பிலிருந்து மற்றொரு வகுப்புக்குச் செல்லும் மாணவர்கள் மர நிழலில் நடந்தும் சைக்கிளில் ஏறியும் சென்றார்களேயன்றி, உயரத்தைக் கடப்பது ஒரு பிரச்சினையாக அவர்களுக்குத் தோன்றியதில்லை. 1981 இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியபோதும் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் நிலம் அதற்கென ஒதுக்கப்பட்டது. அங்கே சிரமமெல்லாம் சித்திரை வெயிலில் ஒரு கட்டடத்திலிருந்து மறு கட்டடத்துக்கு நடப்பதில்தான்.

அந்த நிலை மாறிவிட்டது. திருமலைசமுத்திரத்திலும் வல்லத்திலும் பொறியியல் கல்லூரிகளாகத் தொடங்கியவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களாகிவிட்டன. 2009 இல் திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் வந்தது. 1959 இல் தொடங்கிய தஞ்சை மருத்துவக் கல்லூரிக்கு 2019 ஜனவரியில் உயர் சிறப்பு மருத்துவப் பிரிவு ஒன்று திறந்து வைக்கப்பட்டது. மாணவர் தொகை பெருகப் பெருக, இடம் மட்டும் அந்த அளவுக்குப் பெருகாமையால், கல்வி நிலையங்கள் நாலும் ஐந்துமாக மாடிகளை எழுப்பிக்கொள்வது இயல்பாகிவிட்டது. இதில் குறை காண்பதற்கில்லை. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்து 2020 இல் சட்டம் இயற்றிக்கொண்ட மாநிலத்தில், முப்போகம் விளைந்த நன்செயைத் தூர்த்து வகுப்பறையைக் கிடையாகப் பரப்புவதைக் காட்டிலும், இருக்கிற இடத்தில் மேல்நோக்கி எழும்புவதே தர்மம். ஆனால் மேல்நோக்கி எழும்பினால் அதற்கேற்ற பொறுப்பும் உடன் வருகிறது. ஆயிரக்கணக்கான பேரை ஒரே வேளையில் மேலே ஏற்றி இறக்கும் ஏற்பாடு, பிற்பாடு சேர்த்துக்கொள்ளும் அலங்காரமாக இராமல், கட்டடத்தின் ஜீவாதாரமான அங்கமாகக் கருதப்பட வேண்டும். நம் கல்லூரிகளிற் பலவற்றில் அது அவ்வாறு கருதப்படவில்லை என்பதைக் காலை ஒன்பது மணிக்கு எந்த மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நின்று பார்த்தாலும் விளங்கும்.

ஐப்பசி மாதத்து அடைமழைக் காலையில் அத்தகைய கட்டடமொன்றின் கூடத்தில் கண்ட காட்சியை இங்கே சொல்வது பொருத்தம். குடைகளிலிருந்து வடிந்த நீர் மொசைக் தரையில் தேங்கியிருக்க, இரண்டு மின்தூக்கிகளுக்கு முன்னால் நூறு பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள். வரிசை என்று ஒன்று இல்லை. வருகிறவர் ஒவ்வொருவரும் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பொத்தானை மறுபடியும் அழுத்தினார். சிலர் மேல்நோக்கிய பொத்தானோடு கீழ்நோக்கியதையும் சேர்த்தே அழுத்தினார்கள், இரண்டையும் அழுத்தினால் விரைவில் வரும் என்ற நம்பிக்கையில். கதவு திறந்தபோது உள்ளே பாதிப் பெட்டி நிறைந்திருந்தது. அவர்களில் ஒருவரும் இறங்கவில்லை. இரண்டாம் மாடியில் காத்திருந்து சலித்தவர்கள், "டேய், கீழ போய்ட்டு அப்படியே மேல வந்துடலாம்டா" என்று இறங்கி வருகிற பெட்டியிலேயே ஏறிக்கொண்டு வந்திருந்தார்கள். மீதியிருந்த இடத்தில் முண்டியடித்து ஏறியவர்களின் பாரம் தாளாமல் எச்சரிக்கை மணி ஒலிக்க, கடைசியில் ஏறிய பெண்பிள்ளை தலை குனிந்தபடி இறங்கினாள். அவளுக்கு முழங்காலில் கட்டுப் போட்டிருந்தது. படியேற இயலாத ஒரே ஆள் கீழே நிற்க, ஏற இயன்றவர் பத்துப் பேர் மேலே போனார்கள்.

இந்தக் கூட்டத்தைக் கண்டவுடன் நிர்வாகத்தாருக்கு முதலில் தோன்றும் பரிகாரம், இன்னும் ஒரு மின்தூக்கி வாங்கிப் போடுவது என்பது. கணக்குப் பார்த்தால் அதனால் ஆவது சொற்பம். நம் நாட்டுத் தர நிர்ணயத்தில் ஓர் ஆளின் எடை 68 கிலோ என்று கொண்டு மின்தூக்கியின் கொள்ளளவைக் குறிக்கிறார்கள். 8 பேருக்கான பெட்டி 544 கிலோவும், 13 பேருக்கானது 884 கிலோவும் தாங்கும். முதுகில் புத்தகப் பையும் கையில் மடிக்கணினியும் சுமந்து வரும் மாணவர்களைக் கொண்டு பார்த்தால் 13 பேர் பெட்டியில் வசதியாக நிற்கக்கூடியவர் பத்துப் பேர்தாம். தரைத்தளத்துக்கு மேல் ஐந்து மாடிகளுள்ள கட்டடத்தில் அந்தப் பெட்டி மாடிதோறும் நின்று மேலே சென்று திரும்ப இரண்டு நிமிஷம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு ஐந்து பேர் என்பது அதன் சக்தி. அதே கட்டடத்தில் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள படிக்கட்டு ஒன்று நிமிஷத்துக்கு ஐம்பது அறுபது பேரை நெருக்கமின்றி ஏற்றிவிடும். ஒன்பது மணிக்கு முன்னான பத்து நிமிஷத்தில் அறுநூறு பேர் மேலே போக வேண்டியிருந்தால், இரண்டு பெட்டிகள் நூறு பேரைத் தூக்கும். மூன்றாவது பெட்டி வாங்கினால் நூற்றைம்பது பேர். மீதி நானூற்றைம்பது பேருக்குப் படிக்கட்டே கதி. ஆகவே கல்லூரிக் கட்டடத்தில் பிரதான மார்க்கம் படிக்கட்டேயன்றி மின்தூக்கியன்று. இந்த ஒரு கணக்கை ஒப்புக்கொண்டால் மற்றச் சீர்திருத்தங்களெல்லாம் தாமே வழிதிறந்துகொள்ளும்.

அப்படியானால் அந்தப் படிக்கட்டு எங்கே இருக்கிறது? நாம் கட்டும் கட்டடங்களில் வாசலைக் கடந்தவுடன் எதிரே பளபளவென்று மின்தூக்கியின் கதவு தெரிகிறது. படிக்கட்டோ ஏதோ ஒரு மூலையில், வெளிச்சமில்லாமல், உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய மடிப்பைச் சுற்றி ஏறுகிறது. அதை வாசலுக்கு எதிரே அகலமாகவும் காற்றோட்டமாகவும் அமைத்து, உயரம் குறைந்த படிகளாக்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் ஜன்னல் வைத்து வெளியே மரமும் வானமும் தெரியும்படி செய்துவிட்டால், இரண்டு மூன்று மாடி ஏறுவதை இருபது வயதுப் பிள்ளைகள் ஒரு பொருட்டாக எண்ணமாட்டார்கள். கட்டி முடிந்த கட்டடத்தில் படிக்கட்டை இடம் மாற்ற முடியாதுதான். விளக்குப் போடவும், உடைந்த பெஞ்சுகளை அப்புறப்படுத்தவும், வழுக்கும் படிகளுக்குச் சொரசொரப்பான விளிம்பு கட்டவும், வாசலிலேயே வழிகாட்டும் பலகை வைக்கவும் முடியும்.

அடுத்தது பெட்டி நிற்கும் இடங்களைக் குறைப்பது. மேலே சொன்ன ஐந்து மாடிக் கட்டடத்தில் பத்துப் பேர் ஏறினால், அவர்கள் இறங்கும் மாடிகள் சமமாகப் பிரிந்திருப்பதாகக் கொண்டு நிகழ்தகவுக் கணக்குப் போட்டால், சராசரி நாலரை இடங்களில் நிற்க வேண்டியிருக்கும். அதாவது ஏறக்குறைய எல்லா மாடியிலும். ஓரிடத்தில் நின்று, கதவு திறந்து, ஆள் இறங்கி, கதவு மூடி மீண்டும் வேகம் பிடிக்கப் பத்து வினாடிக்குக் குறையாது. காலை நெரிசல் வேளையில் மட்டும் பெட்டி மூன்றாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலுமே நிற்கும் என்று ஏற்படுத்திவிட்டால் ஒரு சுற்றில் இருபத்தைந்து வினாடி மிச்சமாகும். அது நான்கில் ஒரு பங்கு ஆட்களைக் கூடுதலாக ஏற்றுவதற்குச் சமம். நான்காம் மாடிக்குச் செல்பவர் மூன்றிலிருந்து ஒரு மாடி ஏறலாம், அல்லது ஐந்திலிருந்து ஒரு மாடி இறங்கலாம். கட்டடக்கலை மேதை லெ கார்பூசியே பிரான்சு தேசத்து மார்சேய் நகரில் 1952 இல் கட்டி முடித்த குடியிருப்பில், நடைபாதைகளை ஒவ்வொரு தளத்திலும் வைக்காமல் மூன்று தளங்களுக்கு ஒன்றாக வைத்து, அங்கே மட்டும் மின்தூக்கி நிற்கும்படி அமைத்தார். இம்முறை புதியதன்று, நம்மவர் கைக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் எல்லா மாடியிலும் நிற்கச்செய்யும் சாவியையோ அட்டையையோ தனியே கொடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவற்றைவிடப் பெரிய மருந்து ஒன்று உண்டு; அதற்குக் காலணாச் செலவில்லை. நெரிசலை உண்டாக்குவது யந்திரமன்று, கால அட்டவணை. எல்லாத் துறைகளும் ஒரே மணியில் தொடங்கி, ஒரே மணியில் சாப்பாட்டுக்கு விட்டு, ஒரே மணியில் முடிந்தால், எத்தனை பெட்டி இருந்தாலும் அவை பத்து நிமிஷம் திணறிவிட்டு ஐம்பது நிமிஷம் சும்மா நிற்கும். இரண்டு துறைகளுக்கிடையே பத்து நிமிஷ வித்தியாசம் வைத்தால் போதும், அந்த அலை இரண்டாகப் பிரிந்துவிடும். அதைப் போலவே, எந்த அறை எந்த மாடியில் என்பதும் யோசித்துச் செய்ய வேண்டியது. நூற்றிருபது பேர் அமரும் முதலாண்டு வகுப்பையும், ஜனங்கள் இடைவிடாமல் வந்துபோகும் தேர்வுப் பிரிவையும், கட்டணம் செலுத்துமிடத்தையும் நாலாம் மாடியில் வைத்துவிட்டு, ஒருவர் இருவர் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யும் அறைகளைக் கீழே வைப்பது எந்தச் சாஸ்திரத்துக்கும் பொருந்தாது. மகளின் சான்றிதழுக்காகப் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த விவசாயி, கூட்டத்தைக் கண்டு மின்தூக்கியில் ஏறத் தயங்கிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நாலு மாடி ஏறுகிற காட்சி நம் கண்ணில் பட்டால், மறுநாளே அந்த அலுவலகத்தைக் கீழே கொண்டுவர வேண்டாமா?

பங்கீட்டின் நியாயத்தைப் பற்றித் தஞ்சைத் தரணியாருக்கு அயலார் வந்து உபதேசிக்க வேண்டியதில்லை. தலைமடைக்காரன் விரும்பிய அளவு எடுத்துக்கொண்டால் கடைமடையில் நாற்று காயும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். மேட்டூரில் இருப்புக் குறைந்த ஆண்டுகளில், காவிரிக்கு இத்தனை நாள், வெண்ணாற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவதும், மதகடியில் லஸ்கர் நின்று பலகையை ஏற்றி இறக்குவதும் நம் அன்றாட அனுபவம். மாடிக் கட்டடத்தின் இடைத் தளங்களில் நிற்பவர்களும் கடைமடைக்காரர்களே. தரைத்தளத்தில் நிரம்பிவிட்ட பெட்டி இரண்டாம் மாடியில் கதவைத் திறந்து, ஆட்களைக் காட்டி, மூடிக்கொண்டு போய்விடுகிறது. மாலையில் இறங்கும்போது ஐந்தாம் மாடியிலேயே நிரம்பி மீண்டும் அவர்களைக் கடந்து வருகிறது. காலை வேளையில் நான்கு சுற்றுக்கு ஒரு சுற்றை இடைத் தளங்களுக்கென்றே ஒதுக்கிவிடுவதும், நிரம்பிய பெட்டி வீணாக நில்லாமல் கடந்து செல்லும்படி பாரமானியோடு இணைந்த அமைப்பைப் பொருத்துவதும் முறைப்பாசனத்தின் நீதியைக் கட்டடத்துக்குள் கொண்டுவருவதாகும். அதை நடத்த அந்த அரைமணி நேரமாவது ஓர் ஆள் வேண்டும். முன்பெல்லாம் முக்காலியில் அமர்ந்து பெட்டியை இயக்கும் ஊழியர் ஒருவர் இருப்பார். தானியங்கி வந்தபின் அவர் அநாவசியம் என்று நிறுத்திவிட்டார்கள். நெரிசல் வேளைக்கு அவரைத் திரும்ப அழைத்துக்கொள்வது நலம்.

காத்திருப்பவர் மனநிலையைப் பற்றியும் ஒரு சாஸ்திரம் வளர்ந்திருக்கிறது. உயர்ந்த கட்டடமொன்றில் மின்தூக்கி தாமதிக்கிறதென்று ஓயாமல் புகார் எழுந்தபோது, யந்திரத்தை மாற்றாமல் காத்திருக்குமிடத்தில் பெரிய நிலைக்கண்ணாடிகளைப் பதித்ததும் புகார் நின்றுவிட்டது என்று ஒரு கதை மேலை நாட்டு நிர்வாக நூல்களில் வழங்கி வருகிறது. ஹார்வர்டில் ஆசிரியராயிருந்த டேவிட் மைஸ்டர் 1985 இல் காத்திருத்தலின் உளவியலைப் பற்றி எழுதிய கட்டுரையில், செய்வதற்கொன்றுமில்லாத காத்திருப்பும், காரணம் தெரியாத காத்திருப்பும், நியாயமற்ற காத்திருப்பும் உள்ளபடியைவிட நீளமாகத் தோன்றும் என்று வகுத்துக் காட்டினார். இந்த மூன்றினுள் கண்ணாடி முதலாவதற்குத்தான் மருந்து. நம் கல்லூரிகளின் புண் மூன்றாவதில் இருக்கிறது. பெட்டி எந்த மாடியில் இருக்கிறது என்பதை வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் காட்டுவது இரண்டாவதைத் தீர்க்கும். அந்தக் காட்டி பழுதாகி மாதக் கணக்கில் இருண்டு கிடப்பதைச் சிறு குறையாக எண்ணுவது தவறு. பெட்டிக்குள் பின்சுவரில் கண்ணாடி வைப்பதற்கு மட்டும் வேறொரு முக்கியமான காரணம் உண்டு: சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே திரும்ப இடமின்றிப் பின்னோக்கியே வெளியேற வேண்டியிருப்பதால், வாசல் அவருக்குக் கண்ணாடியில்தான் தெரியும்.

இதுவே இக்கேள்வியின் உயிர்நிலை. மின்தூக்கியின்மேல் முதல் உரிமை, படி ஏற இயலாதவருக்கு. 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கல்வி நிலையங்கள் தம் கட்டடங்களையும் வளாகத்தையும் அவர்கள் அணுகத்தக்கவையாக அமைக்க வேண்டுமென்று கட்டளையிடுகிறது. மின்தூக்கியை நிறுவிவிட்டதாலேயே அக்கட்டளை நிறைவேறிவிட்டதென்று கொள்ளலாகாது. நூறு பேருக்கு நடுவில் சக்கர நாற்காலி நுழைய முடியாதாயின் அந்த மின்தூக்கி அவருக்கு இல்லாததே. பார்வையற்ற மாணவருக்குத் தடவி அறியும் பிரெயில் பொத்தானும், தமிழிலேயே மாடியைச் சொல்லும் குரலும் வேண்டும். கர்ப்பிணிகளும், மூப்படைந்த ஆசிரியர்களும், தண்ணீர்க் கேனும் ஆய்வகச் சாமான்களும் தூக்கி வரும் ஊழியர்களும் அடுத்தபடி. ஆனால் பல இடங்களில் நாம் காண்பது என்ன? 'ஆசிரியர்களுக்கு மட்டும்' என்ற பலகையோடு ஒரு பெட்டி பாதி நாள் வெறுமனே நிற்கிறது. பக்கத்தில் மாணவர் பெட்டிக்கு மோதுகிறார்கள். பதவியைக் கொண்டு உரிமையை வகுக்கும் இந்தப் பலகை அகற்றப்பட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். முப்பது வயதுப் பேராசிரியருக்கு இல்லாத தேவை, முழங்கால் அடிபட்ட பதினெட்டு வயது மாணவிக்கு உண்டு.

பிற தேசங்களின் பல்கலைக்கழகங்களும் இத்தொல்லையைப் பல உபாயங்களால் எதிர்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் கலைக் கோபுரத்தில், கதவில்லாத 38 பெட்டிகள் ஓயாமல் ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கிச் சுழன்றுகொண்டேயிருக்கும் பட்டர்நோஸ்டர் என்னும் சாதனம் 1960களில் அமைக்கப்பட்டது. காத்திருப்பே இல்லாத அற்புத ஏற்பாடு அது. எனினும் ஓடுகிற பெட்டியில் தாவி ஏற வேண்டியிருப்பதால், எவருக்கு மின்தூக்கி மிகவும் தேவையோ அவருக்கே அது பயன்படாது. 1990களின் தொடக்கத்தில் ஷிண்ட்லர் நிறுவனம் பரப்பிய முறையில், செல்ல வேண்டிய மாடியை வெளியிலேயே பதிவு செய்தால், ஒரே மாடிக்குப் போகிறவர்களை ஒரே பெட்டிக்கு யந்திரம் அனுப்பும். அலுவலகங்களில் அது மிக நன்றாக வேலை செய்கிறது. கல்லூரியில், நண்பர் பத்துப் பேருக்காக ஒருவர் ஒரே தடவை அழுத்திவிட்டு எல்லோரும் சேர்ந்து ஏறுவார்கள். யந்திரத்தின் கணக்கு அங்கேயே பிசகிவிடும்.

நம் படுகைக்கென்று தனியாகச் சில சங்கடங்கள் உண்டு. விற்பனையாளரின் வண்ணப் புத்தகத்தில் அவை இரா. மின்தூக்கி ஓடும் தண்டின் அடியில், கீழ்த்தளத்துக்கும் கீழே, தாங்கு சுருள்கள் பொருத்திய ஒரு குழி இருக்கும். வல்லத்து மேட்டின் செம்மண்ணில் அக்குழிக்குப் பெரிதாக ஆபத்தில்லை. திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்துக் களிமண்ணில், வடகிழக்குப் பருவமழை வலுத்து வாய்க்கால்கள் நிரம்பிவிட்டால், நிலத்தடி நீர் மேலேறிக் குழிக்குள் ஊறும். நீர் ஊறினால் மின் இணைப்புகள் கெடும். பெட்டியை நிறுத்த வேண்டிவரும். கட்டும்போதே குழியின் சுவருக்கு நீர்க்காப்புப் பூச்சு செய்து, நீர் சேர்ந்தால் தானே இறைக்கும் மோட்டாரும் வைத்து, புரட்டாசியிலேயே அதை ஓட்டிப் பார்த்துவிடுவது அவசியம். மின்சாரத்தைப் பற்றியும் அப்படியே. 2018 நவம்பர் 16 ஆம் தேதி கரை கடந்த கஜா புயலுக்குப் பின் படுகையின் தென்கீழ்ப் பகுதிகளில் பல நாட்கள் மின்சாரமில்லை. சாதாரண மின்வெட்டிலும்கூட, இரண்டு மாடிகளுக்கிடையே இருட்டில், விசிறி நின்றுபோன பெட்டிக்குள் பத்துப் பேர் அகப்பட்டுக்கொள்வது ஒருமுறை நேர்ந்தால் போதும்; அந்த மாணவர்கள் பிறகு அதில் ஏறவே அஞ்சுவார்கள். மின்சாரம் நின்றதும் மின்கலத்தின் வலுவால் பெட்டியை அருகிலுள்ள மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிடும் கருவி இன்று பரவலாகக் கிடைக்கிறது. அதையும், உள்ளிருந்து பேசினால் மறுமுனையில் ஓர் ஆள் பதில் சொல்லும் தொலைபேசியையும் பொருத்தாமல் மாணவரை ஏற்றுவது தகாது. 1997 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின்தூக்கிச் சட்டப்படி உரிமமின்றி எந்த மின்தூக்கியையும் இயக்கக்கூடாது. அந்த உரிமத்தின் நகல் பெட்டிக்குள்ளேயே, ஏறுபவர் கண்ணில் படும்படி ஒட்டப்பட்டிருப்பது நல்லது.

தீப்பற்றினால் மின்தூக்கியில் ஏறலாகாது, படிக்கட்டே வழி என்பது பொது விதி. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். மேல் தளத்திலிருந்து இறங்கக் குறுகிய படிக்கட்டு ஒன்றே இருந்தது. அதே படுகையில் கட்டடம் எழுப்புகிறவர்கள் இதை ஒரு நாளும் மறக்கலாகாது. படிக்கட்டில் பெஞ்சுகளை அடுக்குவதும், ஆட்கள் வராமலிருக்க அதன் கீழ்க்கதவைப் பூட்டி வைப்பதும் வெறும் ஒழுங்கீனமல்ல. கடுமையாகத் தடுக்கப்பட வேண்டிய குற்றம். அன்றாடம் படிக்கட்டைப் பழகிய மாணவர் ஆபத்திலும் கால் தடுமாறாமல் அதை நாடுவார். அதன் இருப்பிடமே அறியாதவர் புகைக்குள் மின்தூக்கியின் பொத்தானைத் தேடுவார்.

எந்தச் சீர்திருத்தத்தையும் தொடங்குமுன் ஒரு வாரம் அளந்து பார்த்துவிடுவது நலம். அளப்பதற்கு வெளியாரை அழைக்க வேண்டியதில்லை. புள்ளியியல் துறை மாணவர்களை மாடிக்கு இருவராக நிறுத்தி, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நேரம் நின்றார்கள், எத்தனை பெட்டி நிற்காமலும் நின்றும் ஏற்றாமலும் போயின, எத்தனை பேர் சலித்துப் படியேறினார்கள் என்பவற்றைக் கைக்கடிகாரத்தோடு குறித்துக்கொள்ளச் செய்யலாம். நிற்கும் மாடிகளைக் குறைத்த வாரத்திலும், மணி மாற்றிய வாரத்திலும் அதே கணக்கை எடுத்து, மூன்றையும் பக்கம் பக்கமாகக் கீழ்த்தளத்துப் பலகையில் எழுதிவிட்டால், மாற்றத்துக்கு முணுமுணுப்பவர்களோடு வாதாடும் வேலை குறையும். பருவந்தோறும் வகுப்பு அட்டவணை மாறுவதால் இந்தக் கணக்கெடுப்பும் பருவந்தோறும் நடக்க வேண்டும். ஆனி ஆடியில் கல்லூரி திறந்து, முதலாண்டு மாணவர்கள் தங்கள் வகுப்பறை எந்த மாடியில் என்று பழகிக்கொண்ட மூன்றாவது வாரம் அதற்கு ஏற்ற சமயம்.